தடங்கலில்லாமல் வாசிக்கிறாள், கேள்வி கேட்டால் விழிக்கிறாள்

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு. கதைப் புத்தகம் என்றால் உட்கார்ந்த இடத்திலேயே முடித்துவிடுவாள். வாசிப்பில் தட்டுத்தடுமாற்றம் இல்லை. ஆனால் அறிவியல், சமூக அறிவியல் பாடங்களில் ஒரு பத்தியைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்டால், பத்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே தூக்கிப் போடுகிறாள். கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் விழிக்கிறாள். பயிற்சிப் புத்தகம் ஒன்று வாங்கி, இரண்டு மாதமாகத் தினமும் இரண்டு பத்தி செய்ய வைக்கிறேன். முன்னேற்றம் தெரியவில்லை. தொடரலாமா? வாய்விட்டுப் படிக்கச் சொல்வதா, மனதுக்குள் படிக்கச் சொல்வதா?

பதில்:

பயிற்சிப் புத்தகத்தை இப்போதைக்கு மூடி வைத்துவிடுங்கள். அது உங்கள் மகளைச் சோதிக்கிறதே தவிர எதையும் சொல்லிக்கொடுப்பதில்லை. காய்ச்சலில் படுத்திருக்கும் பிள்ளைக்கு மணிக்கொரு தரம் வெப்பமானி வைத்துப் பார்ப்பதால் காய்ச்சல் இறங்காது. இந்த இரண்டு மாதத்தில் நூறு பத்திக்கு மேல் ஓடியிருக்கும். எட்டே பத்தியை எடுத்து ஆற அமரப் பிரித்துப் பார்த்திருந்தால் அதைவிடப் பலன் இருந்திருக்கும்.

வரியைத் தூக்கிப் போடுவதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த வயதுக்கு அது இயல்பு. பிரவுன், டே என்ற இரு ஆய்வாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு உரையைச் சுருக்கி எழுதச் சொன்னபோது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் கையாண்டார்கள்: வேண்டாததை விட்டுவிட்டு, மீதியை மூலத்தின் சொற்களிலேயே நகலெடுத்தார்கள். பல செய்திகளைச் சேர்த்துத் தன் வாக்கியமாகச் சொல்வது அதற்குப் பிறகு வளர்கிற திறமை. சொல்லிக்கொடுத்தால் சீக்கிரம் வளரும்.

பாடப்புத்தகக் கேள்விகள் பல இந்த நகலுக்குப் பரிசும் கொடுத்துவிடுகின்றன. இந்த வரியைப் பாருங்கள்: "ஞொடலிகள் மழைக்காலத்தில் பிங்கிலியில் சொபளிக்கும்." ஞொடலிகள் எங்கே சொபளிக்கும்? பிங்கிலியில். எப்போது? மழைக்காலத்தில். இரண்டுக்கும் முழு மதிப்பெண். ஞொடலி விலங்கா, செடியா, இயந்திரமா என்று எழுதிய எனக்கே தெரியாது! 'எங்கே' என்றால் '-இல்' என்று முடியும் சொல்லை எடு என்ற தந்திரம் போதும். உங்கள் மகள் இத்தனை நாளும் இந்தத் தந்திரத்தில்தான் ஓட்டியிருக்கிறாள். கேள்வி மாறினால் அது கைகொடுப்பதில்லை, அதனால் விழிக்கிறாள்.

முதலில் எங்கே அறுபடுகிறது என்று பார்த்துவிடுங்கள். இதற்குப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு நாள் போதும். முதல் நாள், அவள் பார்த்திராத ஒரு பத்தியை நீங்கள் வாசியுங்கள், அவள் கேட்கட்டும். பிறகு தன் சொற்களில் சொல்லட்டும். கேட்டுப் புரிகிறது, படித்தால் புரியவில்லை என்றால் கோளாறு எழுத்து வாசிப்பில் இருக்கிறது. எழுத்துக் கூட்டுவதிலேயே கவனம் தீர்ந்துபோகிறது. கேட்டாலும் புரியவில்லை என்றால் சொல்வளத்திலோ, வாக்கிய அமைப்பைப் பிடிப்பதிலோ, அந்தத் தலைப்பைப் பற்றிய முன்னறிவிலோ குறை. கஃப், டன்மர் இருவரும் 1986இல் சொன்ன சூத்திரம் இங்கே உதவும்: வாசித்துப் புரிதல் என்பது எழுத்து வாசிப்பையும் மொழிப் புரிதலையும் பெருக்கி வருவது. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று சுழியமானால் மற்றது எவ்வளவு இருந்தும் விடை சுழியம்தான். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் மகளுக்கு இரண்டாவதில், அதாவது மொழிப் புரிதலில்தான் வேலை இருக்கிறது.

இரண்டாம் நாள், அவளுக்கு அத்துபடியான ஒரு விஷயத்தைப் பற்றிய தகவல் பத்தியைக் கொடுங்கள். சதுரங்கம் ஆடுவாள் என்றால் சதுரங்கம். அங்கே சரளமாக விளக்கிவிட்டால், 'இவளுக்குப் புரியும் திறமையே குறைவு' என்ற கவலையை விட்டுவிடலாம். 1988இல் ரெக்ட், லெஸ்லி இருவரும் நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரைக் கொண்டு இதைத்தான் சோதித்தார்கள். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு உரை. ஆட்டம் நன்றாகத் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத நல்ல வாசிப்பாளர்களைவிட அதிகம் நினைவில் வைத்துச் சொன்னார்கள். ஆக, புரிதல் என்பது எல்லாத் தலைப்புக்கும் பொதுவான ஒரு தசை இல்லை. தினம் ஒரு தலைப்பாக, திங்கள் எரிமலை, செவ்வாய் அஞ்சல்தலை என்று தாவும் பயிற்சிப் புத்தகம் இதனால்தான் வீணாகப் போகிறது. ஒரே தலைப்பில் இரண்டு மூன்று வாரம் தங்குங்கள். வாரம் ஒன்றாக இரண்டு மூன்று சின்ன உரைகள் போதும். முதல் உரையில் முட்டிய சொல் மூன்றாவது உரையில் பழகிய சொல்லாகிவிடும்.

இனி பயிற்சி. இந்த அளவுப் பத்தி போதும்:

(1) ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். (2) உண்மையில் அங்கே சேமிக்கப்படுவது கொழுப்பு. (3) உணவு கிடைக்காத நாட்களில் உடல் இதைக் கரைத்து ஆற்றலாக மாற்றிக்கொள்கிறது; அதனால் திமில் சுருங்கித் தொய்ந்துவிடும். (4) கொழுப்பு உடல் முழுவதும் பரவாமல் ஓரிடத்தில் திரண்டிருப்பதால் இன்னொரு பயனும் உண்டு: மற்றப் பகுதிகளிலிருந்து வெப்பம் எளிதாக வெளியேறுகிறது. (5) தண்ணீரைப் பொறுத்தவரை ஒட்டகத்தின் உத்தி வேறு. (6) பகலில் உடல் வெப்பநிலை சுமார் 40 டிகிரி செல்சியஸ் வரை உயர்ந்தாலும் அது பெரிதாக வியர்ப்பதில்லை. (7) இந்தச் சிக்கனத்தால் நீரிழப்பு வெகுவாகக் குறைகிறது. (8) தண்ணீர் கிடைக்கும்போது கால் மணி நேரத்துக்குள் 100 லிட்டர் வரை குடித்துவிடும்.

படிக்கக் கொடுக்கும் முன், 'ஒட்டகத்தின் திமிலில் என்ன இருக்கிறது?' என்று கேட்டு, அவள் சொல்லும் விடையை ஒரு தாளில் எழுத வையுங்கள். தண்ணீர் என்றுதான் எழுதுவாள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு நிமிட வேலையை விட்டுவிட்டால் பிள்ளைகள் செய்வது விநோதமாக இருக்கும்: 'கொழுப்பு' என்று வாய் வாசிக்கும், மனம் பழைய நினைப்பிலேயே இருக்கும், ஒரு வாரம் கழித்துக் கேட்டால் மறுபடி தண்ணீர் என்பார்கள். தவறான முன்னறிவு, முன்னறிவு இல்லாததைவிடத் தொல்லை. படித்து முடித்ததும் அந்தத் தாளை எடுத்து அவளே அடித்துத் திருத்தட்டும். எந்த வரி திருத்தவைத்தது என்று பக்கத்தில் எண்ணையும் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது பாலங்கள். கதையில் ஆள் தெரியும், அவனுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அடுத்து என்ன என்ற ஆவலே வரிகளைக் கோத்துக்கொடுத்துவிடும். தகவல் உரையில் கோக்கும் வேலை வாசிப்பவருடையது. ஒரு பென்சிலைக் கொடுத்து, சுட்டுகிற சொற்களுக்கெல்லாம் வட்டம் போட்டு, அவை எதைச் சுட்டுகின்றனவோ அங்கே அம்பு போடச் சொல்லுங்கள். மூன்றாம் வரியில் 'இதை' என்பது எதை? கொழுப்பை. இது சுலபம். நான்காம் வரியில் 'இன்னொரு பயன்' என்றால் முதல் பயன் எது? மூன்றாம் வரியில் 'பயன்' என்ற சொல்லே இல்லை. ஆற்றல் கிடைப்பதுதான் முதல் பயன் என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். ஏழாம் வரியில் 'இந்தச் சிக்கனம்' எது? இங்கேதான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ஆறாம் வரி முழுவதையும் அந்த ஒரே பெயர்ச்சொல்லில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது. காசு விஷயத்தில் மட்டும் சிக்கனத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, வியர்க்காமல் இருப்பது சிக்கனம் என்று படுவதில்லை. பாடப்புத்தகத்தில் 'இம்முறை', 'இந்நிகழ்வு', 'இம்மாற்றம்' என்று வரும் இடமெல்லாம் இதே மூட்டைதான். நின்று அவிழ்க்கப் பழக்குங்கள்.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆனால், எனவே, ஏனெனில் என்று தனியாக நிற்கும் இணைப்புச் சொற்கள் கண்ணில் படும். பாதி இணைப்புகளோ சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். 'உயர்ந்தால்', 'உயர்ந்தாலும்' இரண்டுக்கும் ஒரு 'உம்'தான் வித்தியாசம், பொருள் தலைகீழ். 'மழை பெய்தால்…', 'மழை பெய்தாலும்…' என்று தொடங்கிக் கொடுத்து அவளை முடிக்கச் சொல்லுங்கள். இரண்டாவதில் தடுமாறினால் ஆறாம் வரி அவளுக்குப் புரிந்திருக்காது. அதேபோல் 'காற்று வெப்பமடைந்து விரிந்து மேலே எழுகிறது' என்பது ஒரே வாக்கியத்தில் மூன்று நிகழ்வு; ஒவ்வொன்றும் அடுத்ததற்குக் காரணம். 'அதனால்' என்ற சொல் எங்குமே இல்லை. மூன்று வாக்கியமாக உடைத்து, நடுவில் 'அதனால்' போட்டு எழுதச் சொல்லுங்கள்.

நீண்ட வாக்கியத்தை வாலிலிருந்து பிடிக்கவும் கற்றுக்கொடுங்கள். "வேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சிய நீரை இலைகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள் சைலம் எனப்படுகின்றன." சைலம் என்றால் என்ன என்று கேட்டால் 'வேர்கள்' என்று பதில் வருவது சகஜம், ஏனென்றால் முதலில் கண்ணில் பட்டது அதுதான். கடைசி வினையில் தொடங்கி, எனப்படுபவை எவை? குழாய்கள். எந்தக் குழாய்கள்? நீரைக் கொண்டுசெல்பவை. எந்த நீரை? வேர்கள் உறிஞ்சியதை. பத்து வாக்கியத்தில் இதைச் செய்தால் கண் தானாகவே பின்னாலிருந்து தேடத் தொடங்கும்.

சொற்களுக்கு ஒரு வார்த்தை. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறக்க வைத்தால் பத்தியின் இழை அறுந்துவிடும். ஒரு உரைக்கு மூன்று நான்கு சொல் போதும், எவை இல்லாமல் பத்தி விளங்காதோ அவை. கலைச்சொற்களின் உறுப்புகளைக் காட்டுவது நல்ல முதலீடு: '-மானி' என்றால் அளப்பது, வெப்பமானி, அழுத்தமானி, '-இலி' என்றால் இல்லாதது, முதுகெலும்பிலி, '-உண்ணி' என்றால் தின்பது, தாவர உண்ணி, அனைத்துண்ணி. தெரியாத சொல்லைவிட ஆபத்தானது தெரிந்த மாதிரி இருக்கும் சொல். 'ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது' என்ற வரியில் ஊடகம் என்பது ஒளி கடந்துபோகும் காற்று, நீர் போன்ற பொருள்; பிள்ளைக்கோ தொலைக்காட்சிதான் ஞாபகம் வரும். சந்தேகமே வராததால் கேட்கவும் மாட்டாள். இவற்றை நீங்கள்தான் முன்கூட்டியே பார்த்துப் பிடிக்க வேண்டும்.

பத்தியின் மையக் கருத்துக்கு வருவோம். 'இந்தப் பத்தி எதைப் பற்றியது?' என்றால் 'ஒட்டகம்' என்பாள். அது தலைப்பு, கருத்து இல்லை. 'அதைப் பற்றி என்ன சொல்கிறது?' என்ற இரண்டாவது கேள்விக்கு வரும் முழு வாக்கியம்தான் கருத்து. இதில் பிள்ளைகள் வழுக்கும் இடம் இரண்டு. ஒன்று, முதல் வரியையே மையக் கருத்தாகச் சொல்வது. இந்தப் பத்தியில் முதல் வரி பத்தி மறுக்கிற தவறான நம்பிக்கை! மற்றது, வாயைப் பிளக்கவைக்கும் தகவலைப் பிடித்துக்கொள்வது. 100 லிட்டர் மறக்கவே மறக்காது, ஆனால் அந்த வரியை நீக்கினாலும் பத்தி நிற்கும். இரண்டாம் வரியை நீக்கிப் பாருங்கள், மூன்றும் நான்கும் அந்தரத்தில் தொங்கும். வரியை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படித்துப் பார்க்கும் இந்தச் சோதனை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். கடைசியில் வர வேண்டிய வாக்கியம் ஏறத்தாழ இது: உணவும் நீரும் கிடைக்காத நாட்களை ஒட்டகம் கொழுப்பைச் சேமித்தும் நீரை வீணாக்காமலும் சமாளிக்கிறது. இது பத்தியில் எங்கும் இல்லை, நகலெடுக்க முடியாது. முதல் சில வாரம் நீங்களே பாதி வாக்கியம் கொடுத்து, மீதியை அவளை முடிக்கச் சொல்லலாம்.

அந்த வாக்கியத்துக்குப் போக ஒரு படம் உதவும். தாளில் இரண்டு பெட்டி: உணவு இல்லாதபோது, தண்ணீர் இல்லாதபோது. எட்டு வரிகளின் எண்ணையும் உரிய பெட்டியில் போடட்டும். ஐந்தாம் வரியின் 'பொறுத்தவரை' என்பதுதான் பெட்டி மாறும் இடம் என்று அப்போது கண்ணில் படும். நான்காம் வரி எந்தப் பெட்டி? கொழுப்பைப் பற்றியது, அதனால் முதல் பெட்டி என்பாள். வெப்பம் எளிதாக வெளியேறினால் வியர்க்கும் தேவை குறையுமே, இரண்டாவதிலும் போடலாமே என்று நீங்கள் வாதாடுங்கள். விடை எதுவானாலும் சரி, அந்த வாதம்தான் புரிதல். பொதுவாகத் தகவல் உரைகள் ஐந்து வகையில் கட்டப்பட்டிருக்கும்: விவரிப்பு, வரிசை, ஒப்பீடு, காரணமும் விளைவும், சிக்கலும் தீர்வும். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு பத்தியில் இரண்டு மூன்று கலந்துதான் வரும். 'இது எந்த வகை?' என்று பெயர் வைக்கும் போட்டியாக்கிவிடாதீர்கள். குழப்பம் வருவது வரிசைக்கும் காரணத்துக்கும் இடையேதான். 'பிறகு' இருக்கும் இடத்தில் 'அதனால்' போட்டுப் படித்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

கேள்விகளுக்கு இப்போது வரலாம். திமிலில் இருப்பது என்ன? ஒரே வரியில் கிடைக்கும். திமிலால் என்னென்ன பயன்? இரண்டு வரியைச் சேர்க்க வேண்டும். ஒரு ஒட்டகத்தின் திமில் ஒரு பக்கமாகத் தொங்குகிறது, அது தாகத்தில் இருக்கிறதா, பல நாள் பசியில் இருக்கிறதா? இதற்கு வரி மட்டும் போதாது, யோசிக்கவும் வேண்டும். 100 லிட்டர் குடித்ததும் அந்தத் திமில் நிமிர்ந்துவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வியில் 'நிமிரும்' என்றால் பழைய தண்ணீர் நினைப்பு இன்னும் போகவில்லை என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். விடை சொன்னதும் 'எந்த வரியை வைத்துச் சொல்கிறாய்?' என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேட்க வேண்டும். தப்பான விடைக்கு மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே விடையை மாற்றிவிட வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். 'புரிந்ததா?' என்று மட்டும் கேட்கவே வேண்டாம். அதற்கு எப்போதும் ஒரே பதில்தான்.

சில நாள் இடம் மாறிக்கொள்ளுங்கள். அவள் கேள்வி கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள், நடுவில் ஒரு விடையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். வரியைக் காட்டி உங்களைத் திருத்துவதில் அவளுக்குக் கிடைக்கும் உற்சாகம் பயிற்சித் தாளில் வராது.

படங்களையும் வாசிக்க வைக்க வேண்டும். பிள்ளைகள் படத்தைப் பார்ப்பார்கள், படிக்க மாட்டார்கள். அம்புக்குறிக்கு இடத்துக்கு இடம் பொருள் வேறு. உணவுச் சங்கிலியில் புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு அம்பு போனால், ஆற்றல் அந்தப் பக்கம் போகிறது என்று அர்த்தம். 'புல் வெட்டுக்கிளியைத் தின்கிறது' என்று படித்துவிட்டு அதில் தப்பே தெரியாமல் கடந்துபோகும் பிள்ளைகள் உண்டு. நீர்ச் சுழற்சிப் படத்தில் அம்பு நகர்வைக் காட்டும். பூவின் பாகங்களைக் குறிக்கும் படத்தில் கோடு பெயரை மட்டும் காட்டும். ஒவ்வொரு படத்திலும் 'இந்தக் கோட்டுக்கு என்ன அர்த்தம்?' என்று ஒரு தரம் கேட்டுவிடுங்கள்.

நேரத்துக்கு வாரம் நான்கு நாள், இருபது நிமிடம், ஒரே பத்தி. முதல் நாள் முன்னறிவுத் தாள், முதல் வாசிப்பு. இரண்டு மூன்று வரிக்கொரு தரம் நிறுத்தி, என்ன சொல்லியிருக்கிறது என்று ஒரு வாக்கியம். இரண்டாம் நாள் வட்டமும் அம்பும். மூன்றாம் நாள் படமும் கேள்விகளும். நான்காம் நாள் பத்தியை மூடிவைத்துவிட்டு மூன்றே வாக்கியத்தில் எழுதுவது. பார்த்து எழுதினால் நகல் திரும்பவும் எட்டிப் பார்க்கும், ஆகவே மூடுவது கட்டாயம். ஹைலைட்டரைக் கையில் கொடுக்காதீர்கள், பத்தி முழுவதும் மஞ்சளாகிவிடும். ஏழெட்டு வாரத்தில் இந்த உத்திகள் கைக்கு வந்துவிடும். அதன்பின் உத்தியைத் திரும்பத் திரும்பப் பழக்குவதில் பெரிய லாபம் இல்லை. அந்த நேரத்தை அவளுக்குப் பிடித்த தலைப்பில் நிறையத் தகவல் நூல்கள் படிக்கக் கொடுங்கள்.

இதற்கிடையே, நீங்கள் வாசித்துக் காட்டினாலும் புரியவில்லை, அன்றாடப் பேச்சில் இரண்டு மூன்று படியாகச் சொல்லும் வேலையையும் பிடிக்க முடியவில்லை என்று தெரிந்தால், செவித்திறனையும் மொழி வளர்ச்சியையும் நிபுணரிடம் பரிசோதித்துவிடுங்கள். அது இந்த வீட்டுப் பயிற்சியால் மட்டும் தீர்கிற விஷயம் இல்லை.

வாய்விட்டா, மனதுக்குள்ளா? முதல் வாசிப்பு மனதுக்குள் இருக்கட்டும். வாய்விட்டுப் படிக்கும்போது உச்சரிப்பிலும் கேட்பவர் முகத்திலும் கவனம் போய்விடும்; திரும்பிப்போய் ஒரு வரியை மறுபடி பார்க்கவும் கூச்சப்படுவாள். தகவல் உரையில் அப்படித் திரும்பிப்போவதுதான் பாதி வேலை. சிக்கலான வாக்கியம் வந்தால் அதை மட்டும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எந்த இடத்தில் மூச்சு விடுகிறாள் என்று கவனியுங்கள்: 'வேர்கள் மண்ணிலிருந்து உறிஞ்சிய நீரை இலைகளுக்குக் கொண்டுசெல்லும் குழாய்கள்' என்பதில் 'வேர்கள்' என்றதும் நிறுத்தி, 'குழாய்கள்' என்பதை அடுத்த சொல்லோடு சேர்த்து ஓட்டினால், வாக்கியம் எங்கே பிரிகிறது என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.